நல்ல பக்கம்

கரைக்கு வந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது பிசிறுதான்.

படகின் முன்பாதியில் குழாய்களை வளைத்து நிறுத்தி, மேலே கித்தான் துணியால் கூரை போட்டிருந்தான் அவள் புருஷன். அவனே தைத்த கூரை.

அதன் முதுகு முழுக்கத் தையல் மடிப்புகள் துருத்திக்கொண்டு நின்றன. முடிச்சுகள். வெட்டாமல் விட்ட நூல்கள். துணியின் சாயம் ஏறாத பக்கம் வெளிறிப்போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாற்றிப் போட்டிருக்கிறான்.

குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

ஊருக்கே ரவிக்கை தைத்தவள் அவள். அவள் தைத்ததை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு போனாலும் ஒருத்தருக்கும் தெரியாது என்பார்கள். அவளுடைய மெஷினில் தைத்த துணி இன்றைக்கு இந்தக் கோலத்தில் நிற்கிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. யாரும் கடலுக்குப் போகாத நாள். கரை நிறைய ஆள்.

"யண்ணே, படகுக்குச் சட்டைய மாத்திப் போட்டு வுட்டிருக்கியளே!"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன்தான் சத்தம் கொடுத்தான். சிரிப்பு கரை நெடுக ஓடியது.

படகில் நின்ற இன்னாசியும் சேர்ந்து சிரித்தான். அவள் புருஷனுக்கு ரோஷம் என்பது மருந்துக்கும் கிடையாது.

கல்யாணமான புதிதிலிருந்தே, ஞாயிறு பூசை முடிந்தால் இருவரும் படகில் ஒரு சுற்றுப் போய்வருவார்கள். மீனுக்கு இல்லை. சும்மா.

பிறகு அவளுக்கு அந்த நோய் வந்தது. உடம்பில் வெயிலே படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டால் முகம் சிவந்து தடித்துவிடும். விரல் மூட்டுகள் வீங்கி மடங்காமல் போயின. மெஷினுக்கு உறை போட்டு மூடியாயிற்று.

அந்தி சாய்ந்தபின் போகலாம் என்று அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். இருட்டில் என்ன கடல்? அவளுக்குப் பச்சைத் தண்ணீர் வேண்டும். அடியில் மணல் தெரிய வேண்டும். இல்லையென்றால் வேண்டாம்.

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் கடல் பக்கத்துச் சன்னலையும் சாத்திவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவன் மெஷினின் உறையைக் கழற்றினான்.

ஊசி ஊசியாக முறித்தான். கிழிந்த வலையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிறவன், மெஷினில் நூல் கோக்கத் தெரியாமல் முழித்தான். தையல் கோணினால் ஊசிக்குத்தான் திட்டு விழும். படகு மெத்தைக்கான ஸ்பாஞ்சை மீன் அறுக்கும் கத்தியால் அறுத்து ரெக்சினுக்குள் திணித்தான். வீடெல்லாம் நெத்திலி வாசம்.

சொல்லிக்கொடுக்க அவளுக்கு வாய் துறுதுறுத்தது. வாயைத் திறந்தால் ஆசை இருப்பது தெரிந்துவிடுமே. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை அவனாகவே வந்து கேட்டான்.

"ஏளா ஜெனோவா, துணியில நல்ல பக்கம் எதுன்னு எப்படிப் பாக்குறது?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "யாரு பாக்கணுமோ அவுக பக்கம் நல்ல பக்கம். இதுகூடவா தெரியாது?"

சரி என்று போய்விட்டான்.

கேட்டுக்கொண்டு போயும் இப்படி. கரையில் நின்று பல்லைக் கடித்தாள். திருப்பிப் போட வேண்டுமென்றால் அத்தனை தையலையும் பிரித்தாக வேண்டும். பிரிக்க அவள் விரல் மடங்காது. அவன் கையில் கொடுத்தால் துணியே மிஞ்சாது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ஒரு எட்டு வைத்தும் விட்டாள்.

அவன் அதற்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். விரலுக்கு விரல் ஊசி ஏறிய தடம்.

அந்தக் கையை எப்படி விட்டுவிட்டுப் போவது?

பிடித்து ஏறினாள். தலை குனிந்து கூரைக்குள் நுழைந்தாள். மெத்தையில் உட்கார்ந்து குடையை மடக்கி வைத்தாள்.

எஞ்சின் உறுமியது. கரை பின்னால் போயிற்று. சிரிப்புச் சத்தமும் போயிற்று.

தண்ணீர் பச்சையானது.

அடியில் மணல் தெரிந்தது. பட்டை பட்டையாய் வெயில் அதன்மேல் அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

தலைக்கு மேலே நீலம்.

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே நீலம். ஒரு பிசிறு இல்லை. ஒரு முடிச்சு இல்லை.

வெகுநேரம் அண்ணாந்தே இருந்தாள்.

பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். கூரை எட்டாத பின்பக்கத்தில், எஞ்சின் பிடியைப் பிடித்தபடி வெயிலில் உட்கார்ந்திருந்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் கடலில் என்னவோ இருப்பதுபோல் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு மூலையில் தையல் கொஞ்சம் கோணியிருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"இன்னுங் கொஞ்சம் உள்ள போங்க," என்றாள்.

கரையில் இருப்பவர்களுக்கு இப்போதும் அந்தப் பிசிறுதான் தெரியும்.

தெரிந்துவிட்டுப் போகட்டும்.