பங்கு ரொட்டி

"கம்பேனியன்னா என்ன அர்த்தம் தெரியுமா?" ஹாலிஃபாக்ஸ் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்தான். "பழைய லத்தீன்ல, ரொட்டியைப் பங்கு போட்டுக்கறவங்க! என் ரொட்டியில பங்குக்கு வந்த முதல் பொண்ணு லோர்னாதான்!"

கைதட்டல் அடங்கவே இல்லை.

"எவ்வளவு அழகா பேசறாரு பாரு நடீன்!" சமையலறை வாசலில் பரிமாறும் பெண் உருகினாள்.

"பேச்சுக்கென்ன குறைச்சல்! நீ ரொட்டியைப் பாரு," என்றாள் அதைச் சுட்டுக் கொண்டுவந்த நடீன்.

டெஸ்மண்ட் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தான். உள்ளிருந்து ஒரு தங்க மோதிரம் 'ணங்'கென்று தட்டில் விழுந்தது.

"ஐயோ, எனக்கா?" மணப்பெண் லோர்னா ஆசையாக எடுத்து, உள்பக்கம் பொறித்திருந்ததை வாய்விட்டுப் படித்தாள். "டெஸ்மண்ட், நடீன்... யாரு இந்த நடீன்?"

ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நடீன் முன்னால் வந்தாள்.

"நான்தாம்மா. எங்களுக்கு இன்னும் விவாகரத்து ஆகலை. வெண்ணெய் கொண்டுவரட்டுமா?"