கடவுள் கிழித்த டயர்

மலையேறும் சைக்கிளின் டயரை மெக்கானிக் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டயரோட பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கு சார். ஒட்டினாலும் நிக்காது. புது டயர் வர ரெண்டு மாசமாகும்.”

“ரெண்டு மாசமா!” சைக்கிளைக் கொண்டுவந்தவரின் முகம் மலர்ந்தது.

“வந்ததும் பாறை கிழிச்சுதுன்னீங்க. தரையில படுற பக்கம் பூரா ஆணி ஓட்டையா இருக்கே? பாறையில ஆணி முளைச்சிருந்துதா?”

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “ஆணி நான் குத்தினதுதான். ட்யூப் இல்லாத டயராச்சே, உள்ள ஊத்தின பசை ஓட்டையை உடனே அடைச்சுத் தொலைக்குது. வாராவாரம் மாமனாரோட மலையேறணும். எனக்கு மூச்சு வாங்குது. மாட்டேன்னா மனுஷன் மனசு நொந்து போவார்.”

“பக்கவாட்டுல இருக்கிறது கத்திக் கிழிசலாச்சே, அப்போ அதுவும் நீங்கதானா?”

“சத்தியமா இல்லைங்க! காலையில பார்த்தா கிழிஞ்சு கிடந்துது. கடவுளாப் பார்த்துக் கிழிச்சது.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“கடவுள் நேத்து கடைக்கு வந்திருந்தார் சார். டயர்ல எங்க கிழிச்சா ஒட்டவே முடியாதுன்னு கேட்டார். ‘முட்டி தேஞ்சு போச்சுப்பா, ஆனா மாப்பிள்ளை அவ்வளவு ஆசையா வர்றப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றது’ன்னு அழாக்குறையாப் புலம்பினார்.”