உறவினருக்கு மட்டும்

“உள்ளே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டான் இடுகாட்டு வாசலில் நின்ற மாநகரசபை ஊழியன்.

ஹெர்த்தா ஸ்டெர்ன் பதில் சொல்லவில்லை.

அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்ற யோசப்பினுக்கு அது புதுமையாக இருந்தது. இந்த அம்மா பதில் இல்லாமல் நின்று அவள் பார்த்ததேயில்லை.

பழைய யூத இடுகாட்டின் மேல் கடைத்தொகுதி கட்டப்போகிறார்கள் என்று தெரியவந்த நாளிலிருந்து, அந்த ஜெர்மன் நகரத்தின் சிறிய யூத சமூகத்துக்காக வாய் திறந்தவர் ஹெர்த்தாதான். நகரசபையில் பேசினார். பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். மண் தோண்டும் இயந்திரம் வந்த காலையில் அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பொலிஸ்காரர்கள் கதிரையோடு தூக்கிப்போய் வீதியோரத்தில் வைத்தார்கள்.

கல்லறைக் கற்களில் பெரும்பாலானவற்றை ஹிட்லர் காலத்திலேயே பிடுங்கிவிட்டிருந்தார்கள். போருக்குப் பிறகு நிலம் கைமாறிக் கைமாறி ஒரு கம்பனியிடம் போய்ச் சேர்ந்தது. வெறும் புல்தானே கிடக்கிறது என்றது கம்பனி.

சொந்தச் சமூகத்திலேயே சிலர் முகம் சுளித்தார்கள். ரஷ்யாவிலிருந்து வந்திறங்கும் யூதக் குடும்பங்களுக்கு வீடு கேட்காமல், செத்தவர்களுக்காக ஊரோடு ஏன் பகை என்றார்கள்.

வீடும் கேட்போம், இதையும் கேட்போம் என்றார் ஹெர்த்தா.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. எலும்புகளைத் தொடுவதில்லை. மண்ணைத் தோண்டாமல் மேலே கொங்கிறீற் தளம் போட்டு, அதன்மேல் கட்டிக்கொள்வது. தளம் போடுவதற்கு முன் இறந்தவர்களின் உறவினர்கள் ஒருமுறை உள்ளே போய் வரலாம்.

உறவினர்கள் மட்டும்.

சமரசம் வந்த அன்று ஹெர்த்தா சாப்பிடவில்லை. அவருக்குச் சமைத்துத் துவைத்துக் கொடுக்கும் யோசப்பின், ஆறிப்போன சூப்பை மறுபடி சட்டியில் ஊற்றினாள்.

ஊர்வலங்களுக்கோ கூட்டங்களுக்கோ யோசப்பின் ஒருநாளும் போனதில்லை. அகதி வழக்கு முடியுமட்டும் பொலிஸின் கண்ணில் படவேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இன்று மழை. ஹெர்த்தா வழுக்கி விழுந்துவிடுவார் என்ற பயத்தில்தான் கூட வந்தாள்.

பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பெயர் சொல்லி உள்ளே போனது. அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு சகோதரர்கள் போனார்கள்.

ஊழியனுக்கு ஹெர்த்தாவின் முகம் பத்திரிகையில் பார்த்துப் பழக்கம். அவன் குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அவவின்ர தாய்,” என்றாள் யோசப்பின், தனக்குத் தெரிந்த ஜெர்மனில். “தாய் உள்ளுக்கை இருக்கிறா.”

படலை திறந்தது.

உள்ளே புல் நனைந்து கிடந்தது. சுவரோரம் உடைந்த கற்கள் சில சாய்ந்து நின்றன. ஒன்றிலும் எழுத்துத் தெரியவில்லை.

“எந்தப் பக்கம் போவம், ஃப்ரவ் ஸ்டெர்ன்?”

“எனக்குத் தெரியாது யோசப்பின். எனக்கு இங்கே யாரும் இல்லை.”

யோசப்பின் நின்றுவிட்டாள். தாயின் கல்லறைக்காகத்தான் இந்த அம்மா இப்படிப் போராடுகிறார் என்று அவளும் நினைத்திருந்தாள். ஊரே நினைத்திருந்தது.

“அப்ப அம்மா?”

“ரயிலில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு தெரியாது.” ஹெர்த்தா சுவரைப் பார்த்தபடி சொன்னார். “இங்கே கிடப்பவர்களில் பலருக்கு வந்துபோக ஆள் இல்லை. எனக்குப் போய் நிற்க இடம் இல்லை.”

அவர் மெல்லக் குனிந்து இரண்டு சிறிய கற்களைப் பொறுக்கினார். ஒன்றை உடைந்த கல்லறைக் கல்லின் மேல் வைத்தார். ஒரு பெயரைச் சொன்னார். அது ஒரு பெண்ணின் பெயர். அவர்கள் பூ வைப்பதில்லை, கல்தான் வைப்பார்கள் என்று யோசப்பினுக்குத் தெரியும்.

மற்றக் கல்லை அவளிடம் நீட்டினார்.

“நீயும் வை. உன் ஆட்களில் யாருக்காவது. இங்கே இருப்பவர்கள் கோபிக்கமாட்டார்கள்.”

யோசப்பின் வாங்கிக்கொண்டாள். ஈரமாக, ஒரு புளியங்கொட்டை அளவில் இருந்தது.

மன்னாரில் இராணுவம் பஸ்ஸை மறித்து அவளுடைய மகன் யூட்சனை இறக்கியபோது அவன் நீலச் சேர்ட் போட்டிருந்தான். அவள் முகாம் வாசலில் எத்தனையோ நாள் போய் நின்றாள். உள்ளே இருக்கிறான் என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. போன நவம்பரில், இறந்தவர்களுக்கான தேவாலயப் பூசையில் அவன் பெயரையும் வாசிக்கட்டுமா என்று தமிழ்ச் சுவாமியார் பரிவோடு கேட்டார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. அமெரிக்கச் சகோதரர்கள் தலை குனிந்தபடி வெளியே போனார்கள்.

யோசப்பின் கையை நீட்டி, உடைந்த கல்லின் மேல் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

பிறகு கையை இழுத்து, கல்லைக் கோட்டுப் பையில் போட்டாள்.

“ஏலாது, ஃப்ரவ் ஸ்டெர்ன்,” என்றாள்.

அது தமிழில் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

ஹெர்த்தா என்னவென்று கேட்கவில்லை. அந்தப் பையின் பொத்தானைப் பூட்டிவிட்டார்.