ஷட்டரில் மூன்று அடி

காதைப் பிளக்கும் எங்கள் மெட்டல் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை வாடகைக்கு எடுத்த ஒரு கார் ஷெட்டில் பதிவு செய்தோம். கடைசிப் பாடலின் நான்காவது நிமிடத்தில் யாரோ ஷட்டரை மூன்று முறை ஓங்கி அறைந்தார்கள். மாடி வீட்டு நர்ஸ் பிரிசில்லா அக்கா. இரவு டூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர். அந்த மூன்று அடியும் என் டிரம்ஸின் தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டோம். அட்டையில் 'ஷட்டர்: பிரிசில்லா' என்று போட்டோம். அக்கா அதை ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகக் காட்டினார். கச்சேரியில் அந்த இடம் வந்தால் கூட்டமே தரையை மூன்று முறை உதைக்கும்.

பத்து வருடம் கழித்து அதே ஆல்பத்தைப் பெரிய ஸ்டுடியோவில் மறுபடி பதிவு செய்தபோது, துருப்பிடித்த அந்த ஷட்டரையே கழற்றிக்கொண்டு போய் நிறுத்தினோம். அக்கா பட்டுப்புடவையில் வந்தார். மும்மூன்று அடியாகப் பத்தொன்பது முறை தட்டினார். ஒவ்வொன்றும் விருந்தாளி கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

"கோவமே வர மாட்டேங்குதுப்பா," என்றார். "என் பாட்டாச்சே."

கொஞ்சம் யோசித்தார். "இன்னிக்கு டூட்டிக்குப் போயிட்டு நாளைக்கு வரேன். ஷட்டருக்குப் பின்னால ஒரு பாய் மட்டும் போட்டு வைங்க. நான் தூங்கினப்புறம் வாசிங்க."

மறுநாள் மதியம் அவருடைய குறட்டை கேட்கும்வரை காத்திருந்து ஆரம்பித்தோம். நான்காவது நிமிடம் நெருங்கியபோது, ஷட்டருக்கு அடியில் இருந்த இடுக்கில் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. நான் இன்னும் ஓங்கி அடித்தேன்.