ஒரு முழம் ஜாஸ்தி

அடி அண்ணாமலையில் ஆதிமூலத்தின் வயலோரப் பாத்தியைக் கவிநிலா சுற்றிச் சுற்றி வந்தாள். நெல் மகரந்தத்தை ஆய்வகக் குப்பியில் செடியாக்கி, குரோமோசோமை இரட்டிப்பாக்கி அவள் உருவாக்கிய, துளியும் கலப்பில்லாத ரகம். எல்லாச் செடியும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கணும். நடுவில் ஒன்று மட்டும் ஒரு முழம் ஜாஸ்தி.

வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள்.

"ரகம் கலந்துடுச்சுண்ணா. மூணு வருஷம் வீண். ஆட்டை அவுத்து விடுங்க."

"பயிரு நல்லாத்தானேம்மா இருக்கு?"

"சொன்னதைச் செய்யுங்க."

ஆடுகள் பாத்தியை மொட்டையடித்தன. பிடுங்கிய செடியோடு அவள் வரப்பில் முன்னும் பின்னும் நடந்தாள்.

"அந்தக் கருப்பு ஆடுதாம்மா," என்றார் ஆதிமூலம். "நட்டப்பவே ஒரு நாத்தைத் தின்னுடுச்சு. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு, என் வயல்லேர்ந்து ஒண்ணு எடுத்து அந்த எடத்துல நட்டு வச்சேன்."

கவிநிலா கையைப் பார்த்தாள். மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்.