பழசுக்குப் புதுசு

"கறுப்பு வேணாம். ஊதா கலர் எடு புள்ள," என்றாள் ராக்கம்மா.

கடைப்பெண் புனிதா நிமிர்ந்து யோகேந்திரனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குச் சுருக்கென்றது. எஸ்டேட் ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணி, மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு வந்து உட்கார்ந்திருக்கும், தோட்டத்தில் மருந்தடிக்கிற பொம்பளை. பணம் கட்டப்போவது அவர், கலர் கேட்பது அவள்.

"ஊதாவே குடும்மா," என்றார்.

"ஆன்ட்டி பேர்லதான் லைன் இருக்கு. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. புதுப்பிச்சா இந்தப் பெரிய போனே கிடைக்கும், மேல கொஞ்சம் கட்டினா போதும்."

"கட்டுறேன். சீக்கிரம் முடி லா."

"அவசரப்படாதீங்க ஐயா," என்றாள் ராக்கம்மா. "கண்ணாடி ஒட்டணும், கவர் போடணும். மட்டக் கவர் வேணாம் புள்ள, நல்ல தடிப்பா எடு."

யோகேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷமாக ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே தலைகுனிந்து நின்றவள். இன்று லுக்குட் டவுன் போன் கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவரை வேலை வாங்குகிறாள். லயத்து வீடுகளில் யாராவது பார்த்தால் என்ன பேசுவார்கள்?

சட்டைப்பையில் போன் அடித்தது. மேனேஜர். யோகேந்திரன் கண்ணாடிக் கதவோரம் நகர்ந்தார்.

"முடிஞ்சிருச்சா?"

"முடியப் போகுது சார்."

"நாளைக் காலையில ஒன்பது மணிக்கு ஆபிசர் வர்றாரு. ஞாபகம் இருக்கட்டும்."

"நான் பாத்துக்கிறேன் சார்."

மேஜைமேல் பழைய போனும் புதுப் போனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. "என் மக நம்பரு, கல்யாணப் படமெல்லாம் போயிடாதே?" என்று ராக்கம்மா கேட்பதும், "ஒண்ணும் போகாது ஆன்ட்டி, பத்து நிமிஷம் பொறுங்க," என்று புனிதா சொல்வதும் காதில் விழுந்தன. மேனேஜர் வைக்கிற வழியாக இல்லை. யோகேந்திரன் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ராக்கம்மா கையெழுத்துப் போட்டாள். அவர் பணத்தைக் கட்டினார். காரில் ஏறியதும் கையை நீட்டினார்.

"பேசினபடி பழசைக் குடு."

அவள் முணுமுணுக்காமல் கொடுத்தாள். திரை கீறி, முதுகில் டேப் ஒட்டிய போன். அதை உள்ளங்கையில் வாங்கியபோதுதான் நாலு நாளாக நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த கல் இறங்கியது.

அதற்குள்தான் ராக்கம்மா எடுத்த அந்த வீடியோ இருந்தது. ஒரு நிமிஷம்கூட வராது. மருந்துப் பம்பு ஒழுகி, முதுகெல்லாம் நனைந்து, செம்பனை மரத்தடியில் குமுதவல்லி சுருண்டு விழுந்து கிடக்கிறாள். முகமூடியும் இல்லை, கையுறையும் இல்லை. வேலை வாங்கும் மண்டோர் தேவன் போட்ட அதட்டல்கூட விடாமல் பதிவாகியிருந்தது. குமுதவல்லி இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. 'வழுக்கி விழுந்தார்' என்று ரிப்போர்ட் எழுதியது யோகேந்திரன்தான். விசாரிக்க வரும் ஆபிசர் கைக்கு வீடியோ போனால் யோகேந்திரனின் வேலை காலி.

"வேற யாருக்காச்சும் அனுப்பினியா?"

"எங்க அனுப்புறது? அனுப்பினா வட்டம் சுத்திக்கிட்டேதான் நிக்கும். வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுல்ல."

நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார். ஆபிஸ் பணத்தைக் கையில் கொடுத்தால் நாளைக்குக் கேள்வி வரும். கான்ட்ராக்ட் முடிந்து ஒருத்தி போன் மாற்றினால் யார் கேட்பார்கள்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

லயத்து முனையில் தண்ணீர்க் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். கிராணி காரிலிருந்து புதுப் போன் பெட்டியோடு ராக்கம்மா இறங்கியதும் பேச்சு நின்றது.

"குமுதாவ வித்துட்டு வந்துட்டா," என்றாள் மாரியம்மா. காறித் துப்பினாள்.

ராக்கம்மா துப்பியதைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. மிதித்துக்கொண்டு நேரே அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

எல்லாரும் பார்க்கட்டும் என்று யோகேந்திரனுக்கும் தோன்றியது. இனி எவளும் படம் எடுக்கத் துணியக் கூடாது. பழைய போனை முன் டயருக்கடியில் வைத்தார். காரை ஏற்றினார், பின்னால் எடுத்தார், மறுபடி ஏற்றினார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. இறங்கி, நொறுங்கியதைக் கைக்குட்டையில் பொறுக்கி முடிந்துகொண்டார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு," என்றார். "அவங்கவங்க வேலையைப் பாருங்க."

கார் கதவில் கை வைத்தார்.

"எழுந்திரிடி! நடிக்காத லா! பம்பு இன்னும் காலியாகல!"

தேவனின் குரல். யோகேந்திரன் திடுக்கிட்டுத் திரும்பினார். குழாயடியில் தேவன் இல்லை. பாதையிலும் இல்லை. பெண்கள் மட்டும் ராக்கம்மாவைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். மாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கூட்டத்துக்கு மேலே ராக்கம்மாவின் கை உயர்ந்தது.

"புதுப் போன்ல சத்தம் நல்லாத்தான் கேக்குது, ஐயா."