கிளியின் வாக்குமூலம்

தோப்பில் கொய்யாப்பழங்கள் காணாமல் போயின. செந்நாய்க் காவலர் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, "'நான்தான் தின்றேன்' என்று சொல்லுடா" என்று அதட்டினார். கேட்டதைத் திருப்பிச் சொல்வது கிளியின் பிறவிப் பழக்கம். அப்படியே சொல்லிவிட்டது. குற்றம் உறுதியானால் சிறகை நறுக்கிவிடுவார்கள். கிளியின் உறவினர்கள் பயந்துபோய் வக்கீல் ஆமைக்குச் சொல்லியனுப்பினார்கள்.

"நான் பக்கத்தில் இல்லாமல் இனி அலகைத் திறக்காதே, தம்பி. தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரிந்ததால்தான் நான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன்" என்றது ஆமை.

"என்னடா, ஊமையாகிவிட்டாயா?" என்று செந்நாய் சீண்டினார். கிளிக்குத் தொண்டை அரித்தது. ஆனாலும் அலகை இறுக்கி மூடிக்கொண்டது.

வழக்கு நீதிபதி யானையிடம் வந்தது.

"அவனே ஒப்புக்கொண்டான், ஐயா" என்றார் செந்நாய்.

ஆமை கிளியிடம் திரும்பியது. "இப்போது சொல்லு தம்பி, 'செந்நாய்தான் தின்றார்!'"

"செந்நாய்தான் தின்றார்!" என்று கிளி கணீரென்று கூவியது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வேறு சாட்சி உண்டா?" என்று கேட்டார் யானையார். "இல்லை, ஐயா" என்று முனகினார் செந்நாய். கூண்டு திறந்தது.

கிளி ஜிவ்வென்று பறந்து உச்சிக்கிளையில் உட்கார்ந்தது.

"டேய், ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ!" என்று கீழிருந்து கத்தினார் செந்நாய்.

"என் வக்கீல் வரட்டும்!" என்றது கிளி.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.